தேவசகாயத்திடம் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்களுக்கு

கத்தோலிக்கத் திருச்சபையில் உறுதிபூசுதல் என்ற சடங்குக்குத் தயாராகும் வகுப்புப் பிள்ளைகளை வருடா வருடம் வேனில் ஏற்றி, கிறிஸ்தவ விசுவாசத்தை விடாததால் திருவிதாங்கூரில் சுட்டுக் கொல்லப்பட்ட புனித தேவசகாயத்தின் இடங்களுக்குக் கூட்டிப் போகிறவள் நான். முதல் தடவை சொதப்பினேன். எருமை மேல் ஏற்றியது, சவுக்கடி, மிளகாய்ப்பொடி, துப்பாக்கிச் சூடு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். வாயைப் பிளந்து கேட்டார்கள். திரும்பும்போது ஒரு பையன், "டீச்சர், நம்மள இப்போ ஆரு சுடப்போறா?" என்றான். என்னிடம் பதில் இல்லை. அதற்கப்புறம்தான் கதை சொல்லும் விதத்தை மாற்றினேன்.

காலையில் நட்டாலம். 1712-ல் நீலகண்டனாக அவர் பிறந்த ஊர். ஒரு ஜெபம், ஒரு டீ, கிளம்பிவிடுங்கள்.

நேரத்தைப் புலியூர்க்குறிச்சிக்கு மிச்சம் வையுங்கள். முதலில் உதயகிரிக் கோட்டைக்குள் டிலனாயின் கல்லறை. 1741-ல் குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்ட டச்சுத் தளபதி. பிறகு அவரைப் பிடித்த திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவின் படையிலேயே பெரிய பதவிக்கு வந்தவர். அரண்மனை உத்தியோகஸ்தரான நீலகண்டன் குடும்பத்தில் அடுத்தடுத்து நஷ்டம் வந்து நொந்திருந்தபோது, எல்லாம் இழந்தும் கடவுளை விடாத யோபுவின் பைபிள் கதையைச் சொன்னவர் இவர்தான். 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம், லாசர் என்ற பெயர். அதன் தமிழ்தான் தேவசகாயம். கல்லறையில் தமிழ் எழுத்தும் உண்டு. நீங்கள் வாசித்துக் காட்டாதீர்கள், பிள்ளைகளே எழுத்துக் கூட்டிப் படிக்கட்டும்.

தேவசகாயத்தைத் தண்டித்த ராஜாவை வில்லனாக்கிவிடக் கூடாது என்பதற்கும் இதுதான் இடம். அவருடைய தளபதியே கிறிஸ்தவர். அரண்மனை உத்தியோகஸ்தர் ஒருவர் சாதி பார்க்காமல் எல்லோரோடும் பழகியதும் பலருக்குப் பொறுக்கவில்லை என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். நம் பிள்ளைகளின் உயிர்த் தோழர்களில் பாதிப்பேர் இந்துக்கள். கசப்போடு அவர்களை வீட்டுக்கு அனுப்பினால் நாம் போனதே வீண்.

பக்கத்திலேயே முட்டிடிச்சான் பாறை. கைதியாகத் தாகத்தில் தவித்த தேவசகாயம் முழங்கையால் இடிக்கத் தண்ணீர் சுரந்தது என்பது ஊர் நம்பிக்கை. நம்பிக்கை என்றே சொல்லுங்கள். இந்த வயதில் "நிஜமா டீச்சர்?" என்று கேட்பார்கள்.

அடுத்து பெருவிளை, அவரை வேப்பமரத்தில் கட்டி வைத்த இடம். இங்கே ரத்தத்தைப் பேசாமல் ஒரு கணக்குப் போடச் சொல்லுவேன். கைதானது 1749 பிப்ரவரி, இறந்தது 1752 ஜனவரி. எத்தனை நாள்? ஆயிரத்துக்கு மேல் வரும். அதில் எந்த நாள் காலையிலும், "சரி, இந்த விசுவாசத்தை விட்டுவிடுகிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சுட்டது ஒரு ராத்திரி, மறுத்தது ஆயிரம் காலை.

இந்த இடத்தில் உங்கள் கோழைத்தனம் ஒன்றையும் சொல்லுங்கள். நான் என்னுடையதைச் சொல்வேன். கல்லூரி கேன்டீனில் சாப்பாட்டுக்கு முன் சிலுவை போடக் கூச்சப்பட்டு, மேசைக்கு அடியில் கட்டைவிரலால் தொடையில் கீறிக்கொள்வேன். யாரும் என்னை மிரட்டவில்லை, சிரித்துவிடுவார்களோ என்ற பயம்தான். பிள்ளைகள் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் ஒவ்வொருவராக வாயைத் திறப்பார்கள். ஹாஸ்டலில் ஜெபமாலையைத் தலையணை உறைக்குள் ஒளித்தது, கூட்டாளிகள் ஒருவனைச் சாதி சொல்லிக் கேலி செய்தபோது சும்மா நின்றது. குறுக்கே பேசாதீர்கள். அறிவுரை சொல்ல வாய் துறுதுறுக்கும், அடக்கிக்கொள்ளுங்கள்.

மதியத்துக்கு மேல் ஆரல்வாய்மொழி, காற்றாடிமலை. பேருக்கேற்ற காற்று, தொப்பி நிற்காது. 1752 ஜனவரி 14, இங்கேதான் சுட்டார்கள். வயது 39. மணியடிச்சான் பாறையைச் சின்னக் கல்லால் தட்டினால் கணீரென்று மணிச்சத்தம் வரும். எல்லோருக்கும் தட்ட வேண்டும், வரிசையில் நிறுத்தாவிட்டால் அடிதடிதான். வெடிச்சத்தத்தைப் பற்றி இரண்டே வாக்கியம் போதும்.

கடைசியாகக் கோட்டாறு சவேரியார் கோவில், அவர் கல்லறை. 2022 மே 15-ல் புனிதர் பட்டம் பெற்றவர் சாமியார் அல்ல, பார்கவி அம்மாளின் கணவர் என்பதை அங்கே சொல்லுங்கள். ஆளுக்கொரு துண்டுச்சீட்டில், திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் செய்யப்போகும் ஒரே ஒரு காரியத்தை எழுதச் சொல்லுங்கள். வாங்கிப் படிக்காதீர்கள், அவரவர் பையிலேயே இருக்கட்டும்.

போன தடவை திரும்பும் வழியில் புரோட்டாக் கடையில் நிறுத்தினோம். அந்தப் பழைய பையனின் தம்பி கையில் சால்னா ஒழுக ஒழுகச் சிலுவை போட்டான். சட்டையெல்லாம் கறை. அவன் அம்மாவிடம் நான்தான் பேச்சு வாங்கினேன்.