பெட்டிக்குள் அணுகுண்டு என்று செய்தி வந்தால் என்ன செய்வது?

கோத்தகிரிப் பக்கம் அரசுப் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். பழைய மாணவர்கள் இன்னும் வாட்ஸ்அப்பில் எதையாவது அனுப்பி, "சார், இது நிஜமா?" என்று கேட்பார்கள். சூட்கேஸில் அடங்கும் அணுகுண்டு, காணாமல் போன ரஷ்யக் குண்டுகள், எங்கோ பிடிபட்ட யுரேனியம் எல்லாம் அதில் வரும். தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட, எப்படிச் சோதித்துப் பார்ப்பது என்று ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில், செய்தி எதைப் பற்றியது என்று பாருங்கள். அணுகுண்டு வேறு. சாதாரண வெடிமருந்தோடு கதிரியக்கப் பொருளைச் சேர்த்துத் தூவும் குண்டு வேறு. வெறும் கதிரியக்கப் பொருள் வேறு. இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பி எழுதியிருந்தால், எழுதியவருக்கு விஷயம் தெரியாது என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, அப்படி ஒரு சிறிய குண்டு இருக்க முடியுமா? முடியும். "எல்லாம் கட்டுக்கதை" என்று நானே சொல்லமாட்டேன். அமெரிக்கா 1961-ல் 'டேவி கிராக்கெட்' என்ற ஆயுதத்தைப் படையில் சேர்த்தது. அதில் இருந்த டபிள்யூ54 குண்டின் எடை சுமார் 23 கிலோ, அதாவது ஒரு அரிசி மூட்டை அளவுகூட இல்லை. அதே வகைக் குண்டை வைத்து, ஒரு வீரர் முதுகில் கட்டிக்கொண்டு பாராசூட்டில் குதிக்கும்படி இன்னொன்றும் செய்தார்கள். அது 1980-களின் கடைசி வரை படையில் இருந்தது. டேவி கிராக்கெட்டின் வலு 10 முதல் 20 டன் டிஎன்டி என்ற சாதாரண வெடிமருந்துக்குச் சமம். ஹிரோஷிமாவில் விழுந்தது சுமார் 15,000 டன். எண்ணைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள். இவ்வளவு சிறிய குண்டில் வெடிப்பின் அடியைவிட, அந்தக் கணத்தில் பாயும் கதிர்வீச்சுதான் தூரத்தில் இருப்பவரையும் கொல்லும். சில நூறு மீட்டருக்குள் இருப்பவர் தப்புவது கடினம். ஒரு மலையூரின் பஸ் ஸ்டாண்டும் கடைவீதியும் அந்த வட்டத்துக்குள் அடங்கிவிடும்.

ஆனால் இவற்றைச் செய்தது ஒரு வல்லரசு. அணுப்பொருளைச் செறிவூட்டும் ஆலைகள், அணு உலைகள், சோதனைத் திடல், ஆயிரக்கணக்கான வல்லுநர்கள் எல்லாம் அதற்குப் பின்னால் இருந்தன. அணுப்பொருள் கையில் இல்லாமல் அறிவு மட்டும் இருந்து பயனில்லை. சிறிதாக்குவது பெரிய குண்டு செய்வதைவிடக் கடினம். ஆகவே "யாரோ நாலு பேர் வீட்டுக்குள் செய்துவிட்டார்கள்" என்று வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

காணாமல் போன ரஷ்யக் குண்டுக் கதைக்கு ஒரு தொடக்கம் உண்டு. 1997-ல் ரஷ்ய ஜெனரல் அலெக்சாண்டர் லெபெட், நூற்றுக்கும் மேற்பட்ட கைப்பெட்டிக் குண்டுகளுக்குக் கணக்கில்லை என்றார். ரஷ்ய அரசு மறுத்தது. ஒன்றுகூட எங்கும் வெளிப்பட்டதில்லை. அப்படியே ஒன்று இருந்தாலும், பராமரிப்பு இல்லாமல் இத்தனை ஆண்டு கிடந்த குண்டு வேலை செய்யுமா என்பது தனிக் கேள்வி. பேட்டரி கெடும், வெடிமருந்து பழையதாகும். சில வகைகளில் சேர்க்கப்படும் டிரிடியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் 12.3 ஆண்டில் பாதியாகக் குறைந்துவிடும். ஆண்டு குறிப்பிடாமல் வரும் செய்தியில் முதலில் ஆண்டைத் தேடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

நம் ஊர்ப் பக்கம் அதிகம் நடப்பது வேறு. கோயில் கலசத்தில் இரிடியம், அரிசியை இழுக்கும் 'ரைஸ் புல்லிங்' செம்பு, கோடிக்கணக்கில் விலை என்று சொல்லி முன்பணம் பிடுங்குவார்கள். இதில் படித்தவர்களும் நிலம் விற்றுப் பணம் கொடுக்கிறார்கள், அதுதான் எனக்கு ஆறவில்லை. இயற்கையில் கிடைக்கும் இரிடியத்துக்குக் கதிரியக்கம் கிடையாது, அரிசியையும் இழுக்காது. கதிரியக்கம் உள்ள இரிடியம்-192 என்று ஒன்று இருக்கிறது. குழாய் வெல்டிங்கைப் படமெடுத்துச் சோதிக்கும் கருவிக்குள் ஒரு சிறு உருண்டையாக இருக்கும். அது கலசத்தில் வராது. தவறிக் கீழே விழுந்து யாராவது பையில் போட்டுக்கொண்டால் தோல் வெந்துபோகும்.

பயப்பட வேண்டியது இதற்குத்தான். 1987-ல் பிரேசிலின் கோயானியாவில், கைவிடப்பட்ட மருத்துவமனைக் கருவியைப் பழைய இரும்புக்காரர்கள் பிரித்தார்கள். உள்ளே நீலமாக ஒளிர்ந்த, சீசியம் என்ற கதிரியக்கப் பொருளின் தூளை வீட்டுக்கு எடுத்துப்போய்க் காட்டினார்கள், உடம்பில் பூசிக்கொண்டார்கள். 4 பேர் இறந்தார்கள், 249 பேர் மாசுபட்டார்கள். 2010-ல் டெல்லி மாயாபுரி காயலான் கடையிலும் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் வந்து ஒருவர் இறந்தார். குண்டும் இல்லை, வெடிப்பும் இல்லை.

எஸ்டேட் பழைய ஷெட்டிலோ, காயலான் கடையிலோ கதிரியக்க எச்சரிக்கையான மஞ்சளில் கறுப்பு மூவிதழ்ச் சின்னம் கண்டால், அளவுக்கு மீறிக் கனக்கும் ஈயப் பெட்டி கிடைத்தால், தொடாதீர்கள், அறுக்காதீர்கள், மூடியைத் திறக்காதீர்கள். தள்ளி நின்று 112-ஐ அழையுங்கள். கையில் எடுத்தவர் இருந்தால் மருத்துவரிடம் "இதைத் தொட்டேன்" என்று சொல்லச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வெறும் தீக்காயம் என்றோ, வாந்தி என்றோ மருந்து எழுதிவிடுவார்கள்.

தள்ளி நிற்பது எவ்வளவு உதவும் என்று வகுப்பில் காட்டுவேன். தோரியம் பூசிய பழைய பெட்ரோமாக்ஸ் மேண்டிலை மேஜையில் வைத்து, கதிரியக்கத்தைக் காட்டும் கைகர் கருவியை அதன்மேல் பிடித்தால் படபடவென்று அடிக்கும். ஒரு சாண் தள்ளினால் இடைவெளி விட்டுவிட்டு அடிக்கும். இன்னும் தள்ளினால், மேண்டில் இல்லாதபோது கேட்கும் சத்தம் மட்டும் மிஞ்சும். அந்தச் சத்தம் எப்போதும் உண்டு. பாறையிலிருந்தும் வானத்திலிருந்தும் வருவது அது. மலையில் கடற்கரையைவிட அண்டக் கதிர் கூடுதல். ஊட்டியில் டாடா ஆராய்ச்சி நிறுவனம் அதைத்தான் அளந்துகொண்டிருக்கிறது. எனவே "கருவி சத்தம் போட்டது" என்பது மட்டும் ஆதாரம் ஆகாது.

உண்மையிலேயே அணுவெடிப்பு நடந்துவிட்டால்? மேட்டுப்பாளையம் இறங்கத் துடிக்காதீர்கள். சீசன் நாளில் கொண்டை ஊசி வளைவுகளில் நின்றுபோகும் வண்டிதான் மிக மோசமான தங்குமிடம். கனத்த கல் சுவர், கான்கிரீட் கூரை உள்ள கட்டடத்தின் நடு அறைக்குப் போங்கள். தகரக் கூரை லயன் வீட்டில் இருப்பவர்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கோ மருத்துவமனைக்கோ உடனே நகர வேண்டும். இதை எஸ்டேட் நிர்வாகங்கள் முன்பே யோசித்துவைக்க வேண்டும், தொழிலாளியின் தலையில் விட்டுவிடக்கூடாது. வெளியே இருந்து வந்தால் ஸ்வெட்டரையும் செருப்பையும் வாசலிலேயே கழற்றிப் பையில் கட்டுங்கள். வெடிப்பில் எழுந்து வந்து படியும் கதிரியக்கத் தூசியில் பெரும்பகுதி அதோடு போய்விடும். தலையையும் உடம்பையும் சோப்புப் போட்டு, தேய்த்துப் புண்ணாக்காமல் கழுவுங்கள்.

வெளியே வராமல் குறைந்தது ஒரு நாள் இருங்கள். தூசியின் கதிர்வீச்சு ஏழு மடங்கு நேரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்றாகக் குறையும்: முதல் மணியில் 100 என்றால் ஏழாம் மணியில் 10, இரண்டு நாளில் 1. மழை பெய்தால் மேலே மிதக்கும் தூசி இறங்கும். அப்போது ஓடைத் தண்ணீரையும் திறந்த தொட்டியையும் தொடாதீர்கள். அயோடின் மாத்திரை தைராய்டை மட்டும் காக்கும், அதுவும் கதிரியக்க அயோடினிடமிருந்து மட்டும். அதிகாரிகள் சொல்லாமல் விழுங்க வேண்டாம்.

இதற்கென்று தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. 2009 நவம்பர் நிலச்சரிவில் மின்சாரமும் சாலையும் போனபோது உதவியவையே போதும்: மூடிய குடத்தில் மூன்று நாள் தண்ணீர், டார்ச், வழக்கமான மாத்திரைகள், ஊட்டி வானொலி கேட்கும் ஒரு பேட்டரி ரேடியோ. பேட்டரியை மழைக்காலம் தொடங்கும்போது மாற்றிவிடுங்கள்.