குடும்ப ஆலோசனைக்குக் கைப்பணம் கொடுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் குடும்ப ஆலோசனைக்காக ஈப்போவுக்குச் செல்லும் வீட்டார் பலர், மருத்துவக் காப்புறுதிக்கான அட்டையை (மருத்துவ அட்டை) எடுக்காமல் கைப்பணத்தையே கொடுக்கிறார்கள். இதற்குத் தக்க காரணங்கள் உண்டு. மலேசியாவில் விற்கப்படும் மருத்துவ அட்டைகளில் பெரும்பாலானவை மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கானவை; மனநலக் கோளாறுகள் அவற்றின் விதிவிலக்குப் பட்டியலில் வழக்கமாக இடம்பெறும். மனநலத்துக்கும் ஈடு தரும் காப்புறுதியாக இருந்தாலும், பணம் கோருவதற்கு வீட்டில் யாரேனும் ஒருவர் மேல் ஒரு நோயின் பெயரை எழுதியாக வேண்டும். அப்பாவுக்கும் மகனுக்கும் பேச்சு நின்றுபோனதை எந்த நோயின் பெயரில் எழுதுவது? 1911 முதல் மனநல மருத்துவமனை இயங்கிவரும் தஞ்சோங் ரம்புத்தானின் பெயரே இன்றும் வசையாகப் புழங்கும் ஒரு வட்டாரத்தில், பதிவேட்டில் பெயர் ஏறிவிடுமோ என்ற அச்சம் நியாயமானதே. ஆகவே, பல குடும்பங்களுக்குக் கைப்பணம் கொடுப்பதே சரியான வழி என்பது என் கருத்து. ஆனால் அந்தப் பணம் வீணாகும் விதங்கள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரியாக இருக்கின்றன.

பலர் முதல் அமர்வின் கட்டணத்தை மட்டும் கணக்கில் கொள்கிறார்கள். ஓர் அமர்வுக்கு 200 ரிங்கிட் என்றால் எட்டு அமர்வுகளுக்கு 1,600 ரிங்கிட் ஆகிறது. 2025 முதல் நடப்பில் உள்ள குறைந்தபட்ச மாதச் சம்பளமே 1,700 ரிங்கிட்தான். இதை முன்கூட்டி எண்ணிப் பார்க்காத குடும்பம் இரண்டாவது அமர்வோடு நின்றுவிடுகிறது. மனத்தாங்கல்கள் வெளியே கொட்டப்பட்டு, அவற்றைச் சரிசெய்யும் வேலை தொடங்காத நிலையில் வீடு திரும்புவது, போகாமலே இருந்ததைவிட மோசமாகிவிடலாம். அமர்வு எவ்வளவு நேரம் நீடிக்கும், கட்டணம் தலைக்கா குடும்பத்துக்கா, வர முடியாமல் போனால் பணம் பிடிக்கப்படுமா என்பனவற்றை முதல் தொலைபேசி அழைப்பிலேயே கேட்டுவிட வேண்டும்.

1998 ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டத்தின்படி, ஆலோசகராகத் தொழில் செய்பவர் ஆலோசகர் வாரியத்தில் பதிந்து, தொழில் நடத்தும் சான்றிதழும் பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. கோவிலில் அறிமுகமானவர், நன்றாகப் பேசுகிறவர் என்பதற்காக மட்டும் பணத்தை நீட்டக் கூடாது.

மொழியைப் பற்றி விசாரிக்காமல் போவது, தோட்டக் குடும்பங்கள் செய்யும் தவறுகளிலேயே ஆகக் கொடியது. ஆலோசகர் மலாயிலோ ஆங்கிலத்திலோ பேசுவார். பாட்டிக்குத் தமிழைத் தவிர வேறு மொழி வராது. அம்மாவுக்குச் சந்தை மலாய் மட்டும் கைகொடுக்கும். அப்போது இடைநிலைப்பள்ளியில் படிவம் மூன்றில் படிக்கும் பிள்ளை மொழிபெயர்ப்பாளராகிவிடுகிறான். ‘இந்த மனுஷன் குடிச்சிட்டு வந்தா நான் புள்ளைங்கள கூட்டிக்கிட்டு எங்க போவேன்’ என்று தாய் அழும்போது, அந்தப் பிள்ளை அதை மலாயில் சொல்ல வேண்டியிருக்கிறது. அவன் பாதியை விழுங்கிவிடுவான். விழுங்காவிட்டால், சொன்ன பாரத்தை அவனே சுமப்பான். இரண்டிலும் நட்டம் அவனுக்குத்தான். தமிழ் பேசும் ஆலோசகர் அருகில் கிடைக்காவிட்டால், இணையவழி அமர்வுக்கு வேறு மாநிலத்தில் இருப்பவரையாவது தேட வேண்டும்.

பணம் கட்டுகிறவரே ஆலோசனையையும் நடத்தப் பார்ப்பது இன்னொரு தவறு. சிங்கப்பூரில் வேலை செய்யும் மூத்த மகள் மாதந்தோறும் பணம் அனுப்புகிறாள். அமர்வு முடிந்த இரவே, ‘தம்பி என்ன சொன்னான்?’ என்று ஆலோசகருக்குச் செய்தியும் அனுப்புகிறாள். அவளுடைய அக்கறை உண்மையானதுதான். ஆனால் தான் சொல்வது அக்காவின் காதுக்குப் போகும் என்று தெரிந்த தம்பி அதற்குப் பிறகு வாய் திறக்க மாட்டான். யாருக்கு எவ்வளவு தெரிவிக்கப்படும் என்பதை முதல் அமர்விலேயே எல்லோர் முன்னிலையிலும் பேசி முடித்துக்கொள்ள வேண்டும்.

கைப்பணம் கொடுத்ததால் எதையும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை என்று எண்ணுவதும் ஆபத்தானது. பின்னாளில் காப்புறுதி எடுக்கும்போது மனநல ஆலோசனை பெற்றதுண்டா என்று படிவம் கேட்டால், உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். 2013 ஆம் ஆண்டின் நிதிச் சேவைகள் சட்டம் அந்தப் பொறுப்பை விண்ணப்பதாரர் மேல் வைக்கிறது. முகவர் ‘எழுத வேண்டாம்’ என்று சொல்லியிருந்தாலும், கையெழுத்து உங்களுடையது.

ரசீதைக் கேட்டு வாங்கி ஏழு ஆண்டுகள் பத்திரப்படுத்துங்கள். 2022 வரியாண்டிலிருந்து, பதிவு பெற்ற ஆலோசகரிடமோ மருத்துவ உளவியலாளரிடமோ பெறும் மனநல ஆலோசனைச் செலவை, முழு மருத்துவப் பரிசோதனைக்கான 1,000 ரிங்கிட் வரம்புக்குள் வரி விலக்குக்குக் காட்ட முடிகிறது.

தனியாரிடம் போகும் முன், தேசிய மக்கள்தொகை குடும்ப மேம்பாட்டு வாரியத்தின் ஆலோசனைச் சேவையையும், அரசு சுகாதார கிளினிக் வழியாக மருத்துவமனைக்குப் பரிந்துரை பெறுவதையும் விசாரித்துப் பார்க்கலாம். காத்திருக்க நேரிடலாம், செலவு மிகக் குறைவு.

வீட்டில் அடிதடி நடந்துகொண்டிருந்தால் மட்டும், எவ்வளவு பணம் இருந்தாலும் குடும்பத்தோடு உட்காரும் அமர்வில் தொடங்காதீர்கள். அங்கே துணிந்து சொன்ன வார்த்தைக்கு வீட்டில் அடி விழக்கூடும். முதலில் தாலியான் காசே (Talian Kasih) என்ற அரசு உதவித் தொலைபேசிச் சேவையை 15999 என்ற எண்ணில் அழையுங்கள். சமூக நலத் துறை அதிகாரியிடம் அவசரப் பாதுகாப்பு ஆணை கேட்கவும் குடும்ப வன்முறைச் சட்டத்தில் இடமுண்டு.