அக்கம்பக்க நகைச்சுவை வாசிப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூர்க் குடியிருப்புகளில் எழுத்தாளர்கள் தங்கள் நகைச்சுவைக் கட்டுரைகளை வாசிக்கும் மாலைகளில், 7 மணிக்குத் தொடக்கம் என்று அறிவித்துவிட்டு, வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் முடிந்து முதல் எழுத்தாளர் மைக்கைப் பிடிக்கும்போது மணி 7.50 ஆகிவிடும். கூட்டம் அதற்குள் களைத்துப்போயிருக்கும். வரவேற்பை இரண்டு நிமிடத்தில் முடியுங்கள். பொன்னாடையைக் கடைசியில் போர்த்தினால் யாருக்கும் மரியாதை குறைந்துவிடாது.

30 பேரை எதிர்பார்த்து 50 நாற்காலி போடாதீர்கள். வருகிறவர்கள் ஓரத்திலும் பின்வரிசையிலும் சிதறி உட்காருவார்கள். பக்கத்தில் ஆள் இருந்தால்தான் சிரிப்பு தொற்றும். முதலில் 20 போடுங்கள், ஆள் வர வர எடுத்துப் போடலாம். விளக்குகளை அணைக்கவும் வேண்டாம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிக்கட்டும்.

சமூக மன்ற அறை கிடைக்காமல் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நடத்துவதானால் நகர மன்ற அனுமதியை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். ஒலிபெருக்கி மைக்குக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும், பின்னால் வைத்தால் கீச்சிடும். மின்விசிறிக் காற்று மைக்கில் நேராக அடித்தால் பாதிச் சொற்கள் இரைச்சலில் போய்விடும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பேட்டைகளில் இரவில் அமைதி காக்க வேண்டும் என்பதால் 9.30க்கே முடித்துவிடுவது நல்லது.

எழுத்தாளர்கள் அதிகம் சறுக்குவது, அச்சில் வந்ததை அப்படியே வாசிப்பதில்தான். இந்த வரியைப் பாருங்கள் (உணவங்காடி மேசையில் டிஷ்யூ பாக்கெட் வைத்து இடம் பிடிப்பது இங்கே வழக்கம்): “‘இதற்கென்ன பசிக்கவா போகிறது?’ என்று மேசையில் இடம் பிடித்திருந்த டிஷ்யூ பாக்கெட்டைச் சுட்டிக்காட்டித் தாத்தா கேட்டார்.” கண்ணுக்கு இது சரி. காதுக்கு, எதைப் பற்றிய பேச்சு என்று புரிவதற்குள் நகைச்சுவை தாண்டிப் போய்விடுகிறது. சிரிக்க வாயெடுத்தவரையும் வாக்கியத்தின் வால் அடக்கிவிடும். மாற்றிப் படியுங்கள்: “உணவங்காடி மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட் இடம் பிடித்திருந்தது. தாத்தா அதை உற்றுப் பார்த்தார். ‘இதுக்கென்ன பசிக்கவா போகுது?’” தமிழில் வினை கடைசியில் வருவதால் ‘என்று கூறினார்’ பல நல்ல வரிகளை விழுங்கிவிடுகிறது. வாசிப்புப் பிரதியில் அவற்றைத் தேடித் தேடி வெட்டுங்கள். உரையாடல் பேச்சுத் தமிழிலேயே இருக்கட்டும்.

சிரிப்பு எழுந்ததும் அடுத்த வரியைத் தொடங்கினால் யாருக்கும் கேட்காது. முழுதாக அடங்கும்வரை நின்றால் வேகம் போய்விடும். இறங்கத் தொடங்கும் கணத்தில் பேசுங்கள்.

நிமிடத்துக்குச் சுமார் 100 சொல் என்று வைத்தால், சிரிப்புக்கும் இடம் விட்டு 8 நிமிடத்துக்கு 700 சொல் போதும். 16 புள்ளி எழுத்தில் ஒற்றைப் பக்கமாக அச்சிட்டு, வீட்டில் கடிகாரம் வைத்து இரண்டு முறை உரக்கப் படித்துவிட்டு வாருங்கள். மாலைக்கு நான்கு பேருக்குமேல் வேண்டாம்.

சினிமா, சீரியல், மீம் பற்றிய கட்டுரைகளில் வேறொரு சிக்கல். வசந்தம் தொலைக்காட்சி நாடகம் பார்த்து வளர்ந்தவரும் சென்னையிலிருந்து போன வருடம் வந்தவரும் அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் நிறுத்தி விளக்கினால் அந்த இடம் செத்துவிடும். தேவையான விவரத்தை முதல் பத்தியிலேயே கதையோடு நுழைத்துவிடுங்கள். இடைவேளையில் திரைப்பாடல் போடுவதானால் கம்பாஸ் என்ற இசைப் பதிப்புரிமை அமைப்பிடம் இசை உரிமம் பற்றி முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

புதியவரை முதலில் ஏற்றாதீர்கள். கூட்டம் இன்னும் சூடேறியிருக்காது, பழி அவர் தலையில் விழும். கைதேர்ந்தவர் தொடங்கட்டும், புதியவர் இரண்டாவதாக வரட்டும்.