சித்திரையில் சிவக்காத மரம்: எங்கே பிழை?

தென்னாப்பிரிக்காவில் சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் ஏப்ரலில்தான், அதாவது அங்கே இலையுதிர்காலத்தில்தான், இலைகள் நிறம் மாறத் தொடங்கும். ஜோகன்னஸ்பர்க் அருகே லெனேசியாவில் செக்கச்செவேலென்று நிற்கும் லிக்விடாம்பர் மரம், டர்பனின் சாட்ஸ்வர்த் வீட்டு முற்றத்தில் பாதி பச்சையும் பாதி மஞ்சளுமாக வெளிறிப்போகும். இதில் மரத்தின் மேல் குற்றமில்லை. மஞ்சள் நிறம் இலைக்குள் முன்பே இருக்கிறது. பச்சையம் சிதைந்ததும் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியல்ல, அதை இலை புதிதாக உண்டாக்க வேண்டும். அதற்குப் பகலில் நல்ல வெயிலும் இரவில் குளிரும் தேவை. டர்பன் கரையோரத்தில் இரவு அந்த அளவுக்குக் குளிர்வதில்லை. ஆகவே ஜோகன்னஸ்பர்க் மைத்துனர் வீட்டில் பார்த்த மரத்தையே கடற்கரையில் வைக்காதீர்கள். அங்கே நாட்டுவாதுமை வைக்கலாம். உதிரும் முன் தானாகவே சிவக்கும். இந்நாட்டு மரமான ஃபாரஸ்ட் புஷ்வில்லோவும் நல்ல தேர்வு.

அடுத்த பிழை உரம். மரத்துக்கு ஒன்றுமே போடவில்லை என்பார்கள்; ஆனால் மார்ச்சில் புல்தரைக்கு லான் (LAN) எனும் சுண்ணாம்பு அம்மோனியம் நைட்ரேட் உரத்தைத் தூவியிருப்பார்கள். அதில் 28 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்). புல்லுக்கடியில் ஓடும் வேர் அதை உறிஞ்ச, மரம் குளிர்காலம் வருவதை மறந்து தளிர்விடும். ஜனவரி இறுதியோடு நிறுத்துங்கள். அதன்பின் கிளை விரிந்த எல்லைக்குள் உரம் வேண்டாம். பிப்ரவரியில் ஒட்ட வெட்டினாலும் இதே கதைதான்.

நிழலில் நிற்கும் மரம் சிவக்காது. தினமும் 6 மணி நேர வெயிலாவது வேண்டும். ஜப்பானிய மேப்பிள் மட்டும் விதிவிலக்கு: பிற்பகல் வெயில் பட்டால் இலையோரம் கருகிவிடும். அதற்குக் காலை வெயில் போதும். ஜோகன்னஸ்பர்க் போன்ற, கடலுக்குத் தள்ளிய உட்பகுதிகளில் ஏப்ரலோடு மழை ஓய்ந்துவிடும். வாரம் ஒருமுறை வேர் நனைய நீர் விடாவிட்டால், இலை நிறம் மாறாமலே காய்ந்து உதிரும்.

விதையில் முளைத்த லிக்விடாம்பர் கன்றுகள் எல்லாம் ஒரே நிறமாகா. ஏப்ரல் கடைசியில் நர்சரிக்குப் போய் இலையைப் பார்த்தே வாங்குங்கள். வேர் தளக்கல்லைத் தூக்கிவிடும் என்பதால் சுவர், கழிவுநீர்க் குழாயிலிருந்து 6 மீட்டராவது தள்ளி நடுங்கள்.

பழைய வளவுகளில் எல்லாவற்றையும்விட அழகாகச் சிவப்பது பெரும்பாலும் வேக்ஸ் ட்ரீ. ஆசைப்பட்டு அதன் கன்றைப் பிடுங்கிவந்து நடாதீர்கள். 2004ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின் கீழ் அது 1பி வகை, அதாவது கட்டாயம் கட்டுப்படுத்த வேண்டிய ஆக்கிரமிப்புத் தாவரம். பால் பட்டால் தோல் கொப்பளிக்கும். வெட்டியதை எரிக்கவும் கூடாது, புகையும் கெடுதல்.

ஜனவரியிலேயே ஒரு கிளை மட்டும் மஞ்சளித்து வாடினால் அது இலையுதிர்கால நிறம் அல்ல. பட்டையில் பேனா முனை அளவுத் துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். 2017இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாவரவியல் பூங்காவில் கண்டறியப்பட்ட, எள்ளளவே உள்ள ஷாட் ஹோல் போரர் வண்டாக இருக்கலாம். மேப்பிள், லிக்விடாம்பர், ஓக் எதையும் அது விடாது. வெட்டிய கட்டையை பிராய்க்கென்று (விறகில் இறைச்சி சுடுவதற்கென்று) வேறு ஊருக்கு ஏற்றிப் போகாதீர்கள். வண்டும் கூடவே பயணப்படும்.