மலைச்சரிவு வீட்டில் தண்ணீர் வேகமாக வர

கொடைக்கானல், குன்னூர் மாதிரி ஊரில் சரிவில் வீடு என்றால், பம்ப் வாங்கும் முன் உயரத்தை அளந்துவிடுங்கள். தொட்டியின் நீர்மட்டம் குழாயைவிட 10 மீட்டர் மேலே இருந்தால் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கிடைக்கும். தொட்டி எவ்வளவு பெரியது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மனைக்குள்ளேயே மேட்டில் இடமிருந்தால் தொட்டியை அங்கே ஏற்றிவிடுங்கள், வீட்டுக்குள் அழுத்தத்துக்கென்று தனியாகக் கரண்ட் செலவு வேண்டாம்.

உயரம் இருந்தும் நூல் மாதிரி வருகிறதா? பெரும்பாலும் அரை அங்குலக் குழாயை நீளமாக இழுத்திருப்பார்கள், உராய்விலேயே அழுத்தம் போய்விடும், தொட்டியிலிருந்து வீடு வரை ஒன்றேகால் அங்குலம் போட்டு உள்ளே வந்தபின் குறைத்துக்கொள்ளலாம். குழாய் மேடேறி இறங்கும் இடத்தில் காற்று அடைத்துக்கொள்ளும், அந்த உச்சியில் ஒரு ஏர் வால்வு வையுங்கள். ஃபில்டரையும் கழுவிவிடுங்கள், அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறமும் போதவில்லை என்றால் பிரஷர் பம்ப். அதைத் தொட்டியின் பக்கத்தில், நீர்மட்டத்துக்குக் கீழே வையுங்கள். கீழிருந்து உறிஞ்சச் சொன்னால் 7 மீட்டர் தாண்டித் திணறும், மலையில் காற்றழுத்தம் குறைவு என்பதால் இன்னும் சீக்கிரமே. நகராட்சி இணைப்பில் நேரடியாக மோட்டார் போடாதீர்கள், கீழ்த் தொட்டியில் பிடித்து ஏற்றுங்கள். ஏற்றும் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு இல்லாவிட்டால் மோட்டார் நின்றதும் தண்ணீர் திரும்பி இறங்கிவிடும்.