நியூ ஜெர்சியில் வீடு, நியூயார்க்கில் வேலை: எந்த மாநில வரிப் படிவம் முதலில்?

இரண்டு மாநிலத்துக்கும் படிவம் போட வேண்டும். ஆனால் வரிசை மாறினால் கணக்கு குழம்பும்.

முதலில் நியூயார்க்கின் ஐடி-203, அதாவது அங்கே வசிக்காதவருக்கான படிவம். அங்கே ஈட்டிய சம்பளத்துக்கு மட்டுமே வரி. நியூ ஜெர்சி வங்கியில் வந்த வட்டிக்கு இல்லை. ஆனாலும் மொத்த வருமானத்தையும் கேட்பார்கள், பயப்பட வேண்டாம். முழு வருமானத்துக்கும் வரி போட்டுப் பார்த்து, அதில் நியூயார்க் பங்கின் விகிதத்தை மட்டும் எடுப்பார்கள்.

அடுத்து நியூ ஜெர்சியின் என்ஜே-1040 படிவம். வசிக்கும் மாநிலம் என்பதால் எங்கே சம்பாதித்தாலும் நியூ ஜெர்சி வரி விதிக்கும். அதே வருமானத்துக்கு நியூயார்க்கில் கட்டிய வரியை என்ஜே-சிஓஜே அட்டவணையில் கழித்துக்கொள்ளலாம். பலரும் சறுக்கும் இடம் இதுதான்: நிறுவனம் தரும் ஆண்டுச் சம்பளச் சான்றான டபிள்யூ-2-இன் 17ஆம் கட்டத்தில் உள்ள, மாநில வரியாகப் பிடித்த தொகையை எழுதிவிடுவார்கள். எழுத வேண்டியது ஐடி-203-இல் இறுதியாக வந்த வரி. அந்தச் சம்பளத்துக்கு நியூ ஜெர்சி போடும் வரியைவிட அது அதிகமானால், மிச்சம் திரும்ப வராது.

வீட்டிலிருந்து வேலை பார்த்த நாட்களைக் கழிக்க அவசரப்படாதீர்கள். உங்கள் வசதிக்காக வீட்டில் இருந்தால் அதையும் நியூயார்க் வேலைநாளாகவே அந்த மாநிலம் கணக்கிடும்.

வேலை பென்சில்வேனியாவில் என்றால் கதையே வேறு. இரு மாநிலங்களுக்கும் ஒப்பந்தம் உண்டு; ஆர்இவி-419 படிவத்தை நிறுவனத்திடம் கொடுத்தால் பென்சில்வேனியா மாநில வரியைப் பிடிக்க மாட்டார்கள். வேலை ஃபிலடெல்ஃபியாவில் என்றால் அந்த நகரச் சம்பள வரி மட்டும் தப்பாது.