பச்சை என்றால் உயிரா? விண்வெளி ஓவியங்களை வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கண்காட்சிக் கையேடுகளுக்கு ஓவியக் குறிப்பு எழுதுவதும், மற்றவர்கள் எழுதியதைத் திருத்துவதும் என் வேலை. விண்வெளி ஓவியம் என்றதும் புதியவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். நானும் அங்கேதான் சறுக்கினேன். பெயர்ப்பிழை, ஆண்டுப்பிழை பற்றி இங்கே பேசப்போவதில்லை. இரண்டாம் வாசிப்பில் அவை கண்ணில் பட்டுவிடும்.

நிறத்துக்கு அர்த்தப் பட்டியல் வைத்திருப்பது

நீலம் அமைதி, சிவப்பு கோபம், பச்சை உயிர். இந்தப் பட்டியலோடு ஓவியத்தின் முன் போய் நிற்பதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. ஒரு நெபுலா (விண்வெளியில் மிதக்கும் வாயு, தூசு மேகம்) ஓவியத்தைப் பற்றி, பச்சைப் புகைக்குள் உயிர் துளிர்ப்பதாக ஒரு பத்தி முழுக்க எழுதினேன். கையேடு அச்சாகி வந்தது. ஓவியர் படித்துவிட்டு, "அந்தப் பச்சை என்னுடையது இல்லைங்க, ஹபிள் படத்துல இருந்தது" என்றார். அத்தனை பிரதிகளையும் ஒதுக்கிவிட்டு மறுபடி அச்சடித்தோம்.

1995-இல் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த ‘படைப்பின் தூண்கள்’ என்ற நெபுலாப் படத்தில் கந்தகத்தின் ஒளிக்குச் சிவப்பும், ஹைட்ரஜனுக்குப் பச்சையும், ஆக்சிஜனுக்கு நீலமும் கொடுத்திருக்கிறார்கள். ஹைட்ரஜனின் அந்த ஒளி உண்மையில் சிவப்பு. அலைநீளம் சுமார் 656 நானோமீட்டர். கந்தகத்தினுடையதும் சிவப்புதான். இரண்டையும் பிரித்துக் காட்டத்தான் ஒன்றைப் பச்சையாக்கினார்கள். அதைப் பார்த்து வரைந்த பச்சையில் போய் நான் உயிரைத் தேடியிருக்கிறேன்.

அச்சுச் செலவைவிட இன்னொன்று உறுத்துகிறது. தூண்களின் அடியில் ஓவியர் கனத்த கறுப்பைப் பூசியிருந்தார். மூலப்படத்தில் அது கிடையாது. அவர் தாமே எடுத்த முடிவு. அதைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதவில்லை.

ஆகவே, இந்த நிறம் எங்கிருந்து வந்தது என்று முதலில் கேளுங்கள். சில ஓவியர்கள் தங்களுக்கென்றே ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். ஸ்வீடன் ஓவியர் ஹில்மா ஆஃப் கிளிண்ட்டுக்கு நீலம் பெண்மை, மஞ்சள் ஆண்மை. அவருடைய குறிப்பேடுகளைப் பார்க்காமல் அந்த நீலத்தை அமைதி என்று எழுதினால், அவர் சொன்னதையே அழித்துவிடுகிறோம்.

சிவப்பு சூடு, நீலம் குளிர்

ஓவிய வகுப்பில் சரி. விண்மீன்களில் தலைகீழ்: செந்நிறத் திருவாதிரையைவிட நீலவெண்மையான ரைகல் சுமார் மூன்று மடங்கு சூடானது. ஓவியர் எந்தக் கணக்கில் வரைந்தார் என்று பாருங்கள்.

இருட்டெல்லாம் நள்ளிரவு

வான்கோ 1889 ஜூனில் வரைந்த ‘விண்மீன்கள் நிறைந்த இரவு’ ஓவியத்தில், சைப்ரஸ் மரத்தை ஒட்டி வெண்மையாக ஒளிர்வது விடிவெள்ளி. விடியப்போகும் வானத்தை நள்ளிரவுத் தனிமை என்று எழுதாதீர்கள்.

சுழல் என்றாலே பால்வெளி

இல்லை.

இன்று தெரியும் நிறத்தை அப்படியே நம்புவது

பழைய எண்ணெய் ஓவியங்களில் ஸ்மால்ட் என்ற நீல நிறமி உண்டு. கோபால்ட் கலந்த கண்ணாடியைப் பொடித்துச் செய்வது. எண்ணெயில் அது காலப்போக்கில் சாம்பலாக வெளிறிவிடும். மங்கிய வானத்தைத் துக்கம் என்று எழுதுவதற்கு முன், அந்த ஓவியத்துக்கு நிறமி ஆய்வு நடந்திருக்கிறதா என்று அருங்காட்சியகத்தில் கேட்டுவிடுங்கள்.